இரண்டு ஊராட்சி, ஒரு சாலை: பணம் சேர்க்கும் வழி

ஊராட்சி எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளப் பல இடங்களில் வரைபடமே தேவையில்லை. தார் நின்று, பெயர்ந்த ஜல்லி தொடங்கும் இடம்தான் எல்லை. "அந்த ஊர் தலைவர் சரியில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். விசாரித்துப் பார்த்தால், ஒரே சாலைக்கு இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் இருப்பார்கள், ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் பணமும் இருக்கும். அவற்றை ஒரே ஆண்டில் ஒரே மேசைக்குக் கொண்டுவர ஆள் இருந்திருக்காது. அந்த ஆளாக இருக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. புதிதாக வார்டு உறுப்பினரானவர், ஊராட்சிச் செயலராகச் சேர்ந்தவர், மனு எழுதி எழுதிச் சலித்த இளைஞர் என்று யாராக இருந்தாலும் சரி. சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு ஊரகப் பகுதி நடைமுறை.

முதலில்: சாலை யாருடையது?

பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஊரகச் சாலைகள் மூன்று கைகளில் இருக்கின்றன. கிராம ஊராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, அப்புறம் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும் மாவட்டச் சாலைகள். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, ஊராட்சிச் சாலைகளைப் போடுவதையும் பராமரிப்பதையும் கிராம ஊராட்சியின் கடமையாக்குகிறது. 112ஆம் பிரிவு ஒன்றியச் சாலைகளை ஒன்றியத்தின் தலையில் வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சாலைதான். பதிவேட்டில் அது பாதி ஊராட்சிச் சாலையாகவும் மீதி ஒன்றியச் சாலையாகவும் இருப்பது சகஜம்.

ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பட்டியல் இருக்கும். சாலையின் பெயர், நீளம், மண் சாலையா, மெட்டல் (ஜல்லி) சாலையா, தார்ச்சாலையா என்பதெல்லாம் அதில் வரும். அலுவலகத்துக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு பி.டி.ஓ.க்கள், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள், உண்டு. ஒருவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர், இன்னொருவர் ஒன்றியப் பணிகளைப் பார்ப்பவர். இரண்டு வகையும் கலந்த சாலை என்றால் இருவரையும் பார்த்தாக வேண்டும். ஒருவரிடம் கொடுத்த மனு தானாக அடுத்த அறைக்குப் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

பட்டியலை வாங்கிய கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும், எந்த நிலம் யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டையும் பாருங்கள். பாதை முழுவதும் புறம்போக்கில்தான் போகிறதா? நடுவில் யாருடைய பட்டா நிலமாவது குறுக்கிடுகிறதா? காலங்காலமாக வண்டி போன தடம் என்பதாலேயே அது அரசு நிலம் ஆகிவிடாது. பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளர் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வேலை தொடங்கி, ஜல்லி கொட்டிய பிறகு முள்வேலி முளைத்த சாலைகள் எத்தனையோ. மலைக் கிராமங்களில் காட்டு நிலம் குறுக்கிட்டால் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படியுங்கள். ஒரு ஹெக்டேருக்குள் உள்ள நிலத்தைச் சாலைக்காகப் பெற, கிராம சபையின் பரிந்துரையோடு வழி இருக்கிறது.

நடந்து அளந்து, துண்டு துண்டாக எழுதுங்கள்

இனி ஒரு கற்பனைச் சாலையை வைத்தே பேசுவோம். மேலூராட்சி என்றும் கீழூராட்சி என்றும் இரண்டு ஊர்கள். மேலூரின் மாரியம்மன் கோயிலில் தொடங்கி கீழூரின் உயர்நிலைப் பள்ளி வரை 2.4 கிலோமீட்டர். 800 மீட்டரில் ஓர் ஓடை, அதுதான் எல்லை. ஓடையைத் தாண்டி 1 கிலோமீட்டர் ஒன்றியச் சாலை. கடைசி 600 மீட்டர் கீழூரின் ஊராட்சிச் சாலை.

ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளரான ஓவர்சியரையும் இரண்டு ஊர் வார்டு உறுப்பினர்களையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை முழுத் தூரமும் நடந்துவிடுங்கள். மழை ஓய்ந்த மறுநாள் போனால் இன்னும் நல்லது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது தானே தெரியும். மண் வகை, தற்போதைய அகலம், மின்கம்பம், குடிநீர்க் குழாய், மரம், ஆக்கிரமிப்பு என்று மீட்டர் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். ஓடையில் சிறுபாலம் கட்ட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும். கம்பத்தை நகர்த்த மின்வாரியத்தில் பணம் கட்ட வேண்டும். குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை பாக்கி இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். தார் போட்ட மூன்றாம் மாதமே குழாய்க்காகக் குறுக்கே வெட்டிய சாலை இல்லாத ஒன்றியம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

உத்தேசச் செலவு எவ்வளவு? முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தபோது 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி ரூபாய் என்றார்கள். சராசரி, கிலோமீட்டருக்கு 40 லட்சம். பேச்சைத் தொடங்க அந்தக் கணக்கு போதும். நம் சாலைக்குப் பாலம் நீங்கலாக 96 லட்சம். மேலூர்த் துண்டுக்கு 32, ஒன்றியத் துண்டுக்கு 40, கீழூருக்கு 24. உண்மையான எஸ்டிமேட் வரும்போது இது மாறும். ஜல்லி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, அடிமண் களிமண்ணா என்பதைப் பொறுத்து நன்றாகவே மாறும்.

பணம் எந்தெந்தப் பைகளில் இருக்கிறது

புதியவர்கள் திணறும் இடம் இதுதான். ஒவ்வொரு பைக்கும் ஒரு நிபந்தனை உண்டு.

ஊராட்சியின் சொந்த வருமானம்: வீட்டு வரி, தொழில் வரி, கட்டணங்கள். சின்ன ஊராட்சிகளில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் போக இதில் சாலைக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் யாரையும் கேட்காமல் தீர்மானம் போட்டுப் பங்கு கட்டக்கூடிய பணம் இதுதான். நாம் ஒரு லட்சம் வைத்துவிட்டுக் கேட்பதற்கும் வெறுங்கையோடு கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மாநில நிதிக்குழு மானியம்: மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு வருகிறது. கிராமம், ஒன்றியம், மாவட்டம் ஆகிய மூன்று அடுக்குக்கும் தனித்தனியாகப் பிரியும். மாதாந்திரச் செலவுகள் இதை அரித்துவிடும். ஒன்றியத்தின் கையில் சேரும் பங்கு, ஒன்றியப் பொது நிதியோடு சேர்ந்து, சாலைக்கு உதவும்.

மத்திய நிதிக்குழு மானியம்: 15ஆவது நிதிக்குழு காலத்தில், அதாவது 2021-22 முதல் 2025-26 வரை, இதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டப்பட்டிருந்தது. மீதி 40 சதவீதத்தில்தான் சாலை போட முடிந்தது. நிதிக்குழு மாறும்போது விகிதமும் மாறும், நடப்பு ஆண்டுச் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்தப் பணி இடம்பெற்று, ஊராட்சிகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வேலைக்குப் பணம் எடுக்க முடியாது. திட்டம் தயாராவது அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்கும் மாதங்களில். அந்தச் சமயத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. இரண்டு ஊரைத் தொடும் சாலை என்றால் ஒன்றிய அளவிலான வளர்ச்சித் திட்டத்திலும் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பல ஊராட்சிகளுக்குப் பொதுவான பணிகளுக்கு இடம் அங்கேதான்.

முத்திரைத்தாள் கூடுதல் வரி: ஊரில் ஒரு மனை கைமாறினால் 5 சதவீத முத்திரைத் தீர்வையோடு 2 சதவீதம் கூடுதலாக வசூலாகிறது அல்லவா, அது உள்ளாட்சிகளுக்குச் சேர வேண்டிய பணம். அதை மாநில அளவில் ஒன்றாகக் குவித்து, ஒரு பகுதியைச் சாலைப் பணிகளுக்காகத் திருப்பித் தருகிறார்கள். பத்திரப்பதிவே அபூர்வமான ஊருக்கும் சாலை கிடைப்பதற்கு இந்தக் குவிப்பு ஒரு காரணம். மனைப்பிரிவுகள் பெருகிய ஊர்க்காரர்கள் இதை அவ்வளவாக ரசிப்பதில்லை.

தொகுதி நிதி: சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. அவர்கள் பரிந்துரைப்பார்கள், அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். முழுச் சாலையையும் இதில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. "ஓடையில் ஒரு சிறுபாலம்" என்று அளவாகக் கேளுங்கள். தனியாக நின்று பெயர்ப்பலகை தாங்கக்கூடிய வேலை என்றால் அவர்களுக்கும் விருப்பம் அதிகம். இதை வெளியே யாரும் சொல்வதில்லை.

பெரிய திட்டங்கள்: 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் இப்போது மத்திய அரசு 60, மாநிலம் 40 போடுகின்றன. நபார்டு வங்கியின் ஊரக உட்கட்டமைப்பு நிதியிலிருந்து மாநில அரசு கடன் வாங்கிச் சாலையும் பாலமும் கட்டுகிறது. இவற்றில் சாலையைத் தேர்ந்தெடுப்பது ஊராட்சி இல்லை. நம்மால் முடிந்தது, பட்டியல் தயாராகும்போது நம் சாலையின் விவரம் பிழையில்லாமல் அதில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி 60, பொருள் 40 என்ற கணக்கு இருந்ததால் அதைத் தாருக்கு நம்ப முடியாமல், மண் அணைப்பது, கரை உயர்த்துவது, பக்க வாய்க்கால் வெட்டுவது போன்றவற்றுக்கே பயன்படுத்தினார்கள். வேலை உறுதித் திட்டங்களின் விதி அடிக்கடி திருத்தப்படுவதால் பழைய எஸ்டிமேட்டைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம். நமக்கு நாமே திட்டம் இன்னொரு வழி. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். வெளிநாட்டில் ஆள் இருக்கும் ஊர்களுக்கும், பக்கத்தில் ஆலை இருக்கும் ஊர்களுக்கும் இது கைகொடுக்கும்.

எப்படிப் பிரிப்பது? மூன்று வழி

ஒன்று, நீளத்தைப் பிரிப்பது. 0 முதல் 800 மீட்டர் வரை மேலூர், அடுத்தது ஒன்றியம், கடைசி கீழூர். அவரவர் துண்டுக்கு அவரவர் நிதி, தனித்தனி எஸ்டிமேட். தணிக்கைக்கு இதுதான் சுத்தம். ஆபத்து, சேரும் இடத்தில் இருக்கிறது. ஊராட்சித் துண்டுக்கு 3 மீட்டர் அகலத்தில் எஸ்டிமேட் போட்டு, ஒன்றியத் துண்டுக்கு 3.75 மீட்டர் போட்டால், ஓடைக்கரையில் சாலை திடீரென்று முக்கால் மீட்டர் குறுகும். எதிரே வரும் டிராக்டர் அந்த இடத்தில்தான் கரையை விட்டு இறங்கும். உயரமும் அப்படித்தான். ஒருவர் இரண்டு அடுக்கு ஜல்லி போட்டு, மற்றவர் பழைய சாலை மேலேயே தாரை விரித்தால், எல்லையில் ஒரு மடை உருவாகித் தண்ணீர் நிற்கும். அடுத்த மழைக்கு அங்கே பள்ளம். எனவே யார் பணமாக இருந்தாலும் அகலம், அடுக்கு, மட்டம் மூன்றையும் ஒரே பொறியாளரிடம் ஒரே வரைபடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, வேலையைப் பிரிப்பது. மண் வேலையும் வாய்க்காலும் ஒரு நிதியில், பாலம் இன்னொன்றில், ஜல்லியும் தாரும் மூன்றாவதில். அரசு மொழியில் ஒருங்கிணைப்பு என்பார்கள். வரிசை தப்பினால் கெட்டது. பாலத்துக்கான பணம் தாமதமாகி, இரண்டு பக்கமும் தார் போட்ட சாலை நடுவில் ஓடைக்குள் இறங்கி ஏறுவதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாலத்துக்கு நிர்வாக அனுமதி கையில் வரும்வரை தார் வேலைக்கு டெண்டர் விடாமல் இருக்கச் சொல்லுங்கள். அதற்காகப் பணம் திரும்பிப் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். சில சமயம் அது உண்மைதான். அப்படியானால் ஓடைக்கு 50 மீட்டர் முன்னும் பின்னும் விட்டுவிட்டு மீதியைச் செய்யலாம்.

மூன்று, பங்கு கட்டுவது. சிறிய ஊராட்சிகள் தங்கள் பங்கை ஒன்றியத்தின் கணக்கில் செலுத்திவிட, ஒன்றியமே முழுச் சாலையையும் ஒரே வேலையாக எடுத்துச் செய்யும். ஒரே எஸ்டிமேட், ஒரே டெண்டர், ஒரே ஒப்பந்ததாரர். என் கணக்கில், பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளுக்கு இதுதான் சிறந்த வழி. ஆனால் எல்லா நிதியையும் இப்படி மாற்றிக் கட்ட முடியாது. சொந்த வருமானத்தையும் பொது நிதியையும் கட்டலாம், நிபந்தனையுள்ள மானியம் என்றால் பி.டி.ஓ.விடம் எழுத்தில் அனுமதி கேட்ட பிறகே. பணம் மிஞ்சினால் எந்த விகிதத்தில் திரும்பும், கூடினால் யார் போடுவது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். சட்டத்தில் கூட்டுக் குழு அமைக்கவும் இடம் உண்டு. 2.4 கிலோமீட்டர் சாலைக்கு அது அதிகப்படி.

பங்கைப் பற்றிப் பேசும்போது ஒருவர் கட்டாயம் எழுந்து, "எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்க ஊர்லயே இருக்கு, நாங்க எதுக்குப் போடணும்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பயன் யாருக்கு அதிகமோ அவர் அதிகம் போட வேண்டும் என்பது காதுக்கு நன்றாக இருக்கும், கணக்கில் நிரூபிக்க முடியாது. நீளத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகப் பயன் பெறுபவர் வேறு விதத்தில் ஈடு செய்யட்டும். மேலூர்ப் பிள்ளைகள்தான் பள்ளிக்குப் போகிறார்கள் என்றால், பாலத்துக்கு எம்.எல்.ஏ.விடம் அலையும் வேலையும் மின்கம்பச் செலவும் மேலூருடையது. இப்படிப் பேசினால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

தீர்மானம் எழுதும்போது

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு ஊரிலும் ஒரே நாளில் ஒரே வாசகத்தை வைத்துத் தீர்மானம் போட்டுவிடலாம். பிறகு ஊராட்சி மன்றத்திலும், மூன்றாவதாக ஒன்றியக் குழுவிலும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில், அதற்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலரின் தீர்மானம் வேண்டும், கிராம சபை எப்போதும்போல உண்டு.

"சாலை அமைக்கக் கோருகிறது" என்று மொட்டையாக எழுதிய தீர்மானத்தால் பயனில்லை. இந்த மாதிரி இருக்கட்டும்:

"மாரியம்மன் கோயில் முதல் உயர்நிலைப் பள்ளி வரையிலான சாலையில், இவ்வூராட்சி எல்லைக்குட்பட்ட 0/000 முதல் 0/800 வரையிலான பகுதியைத் தார்ச்சாலையாகத் தரம் உயர்த்தும் பணியை, பிற பகுதிகளோடு சேர்த்து ஒரே பணியாக ஊராட்சி ஒன்றியமே மேற்கொள்ளவும், இவ்வூராட்சியின் பங்காக ரூ. 3 லட்சத்தைப் பொது நிதியிலிருந்து செலுத்தவும், மீதித் தொகையை ஒன்றியப் பொது நிதியிலும் பிற திட்டங்களிலும் ஒதுக்கக் கோரவும், பணி முடிந்து ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் முடிந்தபின் மேற்படி 800 மீட்டரைப் பராமரிக்கும் பொறுப்பை இவ்வூராட்சி ஏற்கவும் தீர்மானிக்கப்பட்டது."

கடைசி வரியை விட்டுவிடத்தான் எல்லோரும் விரும்புவார்கள். விடாதீர்கள். கூட்டாகப் போட்ட சாலை நான்காம் வருடம் பள்ளமாகும்போது, "ஒன்றியம் போட்ட ரோடு" என்று ஊராட்சியும் "ஊராட்சி ரோடு" என்று ஒன்றியமும் சொல்லும். அதற்கு மருந்து அந்த வரிதான். 800 மீட்டருக்கு 3 லட்சம் கொஞ்சம்தானே என்று தோன்றலாம். ஆனால் தீர்மானத்தில் ஒரு தொகை இருந்தால்தான் மேலே இருப்பவர்கள் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள்.

எஸ்டிமேட்டிலிருந்து ரோடு ரோலர் வரை

இனிமேல் பெரும்பாலும் காகிதம் நகரும் வேலை. உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார், தொகைக்கு ஏற்ற மேலதிகாரி தொழில்நுட்ப அனுமதி தருவார், ஆட்சியரிடமிருந்து நிர்வாக அனுமதி வரும். எஸ்டிமேட்டில் ஜி.எஸ்.டி., தொழிலாளர் நல வரி எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பங்குத்தொகையை வேலையின் விலைக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு வரிக்குப் பணம் தேடி அலைந்த ஊராட்சிகள் உண்டு.

ஒரே சாலையை மூன்று நிதியில் மூன்று எஸ்டிமேட்டாகப் போடும்போது, டெண்டர் வரம்பிலிருந்து தப்பிக்கத்தான் உடைத்தார்கள் என்று தணிக்கையில் கேள்வி வரலாம். நிதித் தலைப்பு வேறு, எல்லை வேறு என்பதைக் காட்டும் தீர்மானங்களைக் கோப்பிலேயே சேர்த்துவிட்டால் பதில் தயாராக இருக்கும்.

சாலை நகர எல்லையைத் தொடுகிறதா? அப்போது மறுபக்கத்துப் பணம் நகராட்சி நிர்வாகத் துறையுடையது, நம்முடையது ஊரக வளர்ச்சித் துறையுடையது. பி.டி.ஓ.வும் நகராட்சி ஆணையரும் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டவர்கள் அல்ல. இருவரையும் சேர்த்துக் கூப்பிடக்கூடியவர் ஆட்சியர் மட்டுமே. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு உள்ளாட்சிகளின் தீர்மான நகலையும் ஒரே மனுவில் இணைத்துக் கொடுங்கள். போக்குவரத்து அதிகமாகிப் பேருந்தும் ஓடத் தொடங்கிவிட்டால், சாலையை நெடுஞ்சாலைத் துறைக்கே ஒப்படைத்துவிடலாம். அதற்கும் சொந்தக்கார உள்ளாட்சியின் தீர்மானம் தேவை. இதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு மறுக்கும் தலைவர்கள் உண்டு. பராமரிக்கப் பணம் இல்லாத சாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேலை நடக்கும்போது இரண்டு ஊராட்சியிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்டிமேட் நகல் கையில் இருந்தால் ஒரு டேப்பே போதும். ஜல்லி அடுக்கு ஒவ்வொன்றும் ரோலர் ஓட்டிய பிறகு 75 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். தாரைக் கொட்டுவதற்கு முன்பே ஒரு சிறு குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், தார் விழுந்த பிறகு யாரும் தோண்ட மாட்டார்கள். மேலே வரும் தார்க் கலவை பல ஊரகச் சாலைகளில் 20 மில்லிமீட்டர்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் "இவ்வளவு மெல்லிசா?" என்று சண்டைக்குப் போவார்கள். சாலையைத் தாங்குவது அடியில் இருக்கும் ஜல்லி, கவனம் அங்கே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் பதிவான நீளம், ஒவ்வொரு நிதியிலும் செலவான தொகை, பணம் உரிய வேலைக்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று ஆகியவற்றின் நகலை இரண்டு ஊராட்சியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பயன்பாட்டுச் சான்று போகாவிட்டால் அடுத்த தவணை வராது, அந்தப் பாதிப்பு இரண்டு ஊருக்கும் சேர்த்துத்தான். பிரதமரின் திட்டச் சாலை என்றால் 5 வருடப் பராமரிப்பு ஒப்பந்ததாரருடையது. மற்ற நிதிகளில் எத்தனை வருடம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் தேதியை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். முடிவதற்கு ஆறு மாதம் முன்பு, மழைக்காலம் கழிந்ததும், மறுபடியும் இரண்டு ஊரும் சேர்ந்து முழுத் தூரத்தையும் நடந்து, பள்ளங்களை மீட்டர் கணக்கோடு பி.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுங்கள். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகை அதுவரை அலுவலகத்தில்தான் இருக்கும்.